புல்லின் உயரம்

அரசு அலுவலகத்துக்குப் போகிறவன் தவறாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று மாட்டுக்காரரின் பெரியப்பா சொல்லியிருந்தார். அது பொறுமையா, குடையா என்பது மாட்டுக்காரருக்கு மறந்துபோயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று குடையை எடுத்துக்கொண்டார். எட்டு மாதமாக மழை இல்லை என்று மனு கொடுக்க வந்தவரின் கையில் குடையைக் கண்டு வாசல் காவலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகி, நாலு மாடுகளும் விலா எலும்பு தெரிய நின்றன. அதில் ஒன்று சினை. மேய்ச்சல் இழந்தோருக்கு அரசு நிவாரணத் தொகை அறிவித்திருந்தது. அது வந்தால் வைக்கோல் வாங்கலாம். வராவிட்டால் மாடுகள் தாங்காது.

நிவாரண அதிகாரி தங்கமான மனிதர். பொறுமை அவரிடம் இருந்தது. வறட்சிக்கு முன்பிருந்த புல்லின் உயரத்திலிருந்து பின்பிருக்கும் உயரத்தைக் கழித்தால் கிடைப்பதே இழப்பு என்று விளக்கினார்.

"இப்ப எவ்வளவு உயரம் இருக்கு?"

"வெறும் மண்ணுதான் சார் இருக்கு."

"சரி, பூஜ்ஜியம். முன்னாடி?"

"மாடுங்க வயிறு நிறைய மேயும் சார்."

"வயிறு சென்டிமீட்டர்ல வராதே. அளந்து எழுதி வச்சீங்களா?"

புல் இருந்த காலத்தில் அதை அளக்கத் தோன்றவில்லை என்று மாட்டுக்காரர் ஒப்புக்கொண்டார்.

"அப்ப அதுவும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துல பூஜ்ஜியம் போனா, உங்களுக்கு நஷ்டமே இல்லீங்க," என்று அதிகாரி எழுந்து கைகுலுக்கினார்.

மாட்டுக்காரரின் மனைவி தன் தையல் மெஷினை விற்று வைக்கோல் வாங்கினார். மாடுகள் பிழைத்தன.

அடுத்த வறட்சியிலாவது ஏமாறக் கூடாது என்று வட்டாரமே கங்கணம் கட்டிக்கொண்டது. ஒரு புல்கூட முளைக்காத நிலத்தைத் தினமும் அளந்து, பூஜ்ஜியம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். பக்கத்து நிலத்துக்காரர் எஃகு அளவுகோல் வாங்கியதிலிருந்து, பிளாஸ்டிக் வைத்திருப்பவர்களோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெண் கேட்டு வந்தவர்கள் புல் பதிவேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள்.

பிறகு மழை வந்தது. சினை மாடு கன்று போட்டது. புல் மூன்று சென்டிமீட்டர், பதினொன்று, நாற்பத்திரண்டு என்று வளர்ந்தது. நேரில் வந்து பார்த்த அதிகாரி பதிவேட்டில் முத்திரை குத்தினார். மாடு மேய்ந்தால் உயரம் குறையும், குறைந்தால் பதிவு செல்லாது, ஆகவே அடுத்த வறட்சி வரும்வரை மாடுகளை உள்ளே விடாமலிருப்பது விவசாயிகளின் நலனுக்கு உகந்தது என்று அறிவுறுத்திவிட்டுப் போனார். எல்லாரும் வேலிக் கதவைப் பூட்டினார்கள். மாடுகளுக்கு மறுபடியும் விலா எலும்பு தெரிந்தது.

"ஏங்க, புல்லு முழங்காலுக்கு நிக்குது. மாடு எலும்பும் தோலுமா நிக்குது. நடுவுல ஒரு கதவு. தொறந்தா குடியா முழுகிடும்?" என்று மனைவி கேட்டார்.

"நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். வட்டாரத்துலயே நம்மளுதுதான் முதல்."

"என் மெஷினை வித்துக் காப்பாத்துன மாடுங்க அதுங்க. ஒண்ணு புல்லை வச்சுக்குங்க, இல்ல மாட்டை வச்சுக்குங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே முடிவு பண்ணுங்க."

மாட்டுக்காரர் தூறலில் குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வெகுநேரம் நின்றார். பிறகு பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலு மாடுகளையும் கன்றையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.