எதையும் தின்னும் புழு

புழு முந்தாநாளிலிருந்து எதையும் தின்னவில்லை. அதனால் தபால் ஆபீஸ் குமாஸ்தாவும் தின்னவில்லை.

பூச்சி ஆர்வலர் சங்கத்தில் சேர அவருக்குக் கொள்ளை ஆசை. வெளியில் பிடித்த புழுவை வீட்டில் வளர்த்து, அது என்ன தின்றது, எப்போது கூட்டுப்புழு ஆனது, என்ன பூச்சியாகப் பறந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இதற்குமுன் வளர்த்தவையெல்லாம் பட்டினி கிடந்தே செத்தன. சுவரில் ஊர்ந்த இதுவும் போய்விட்டால் இனிப் புழு இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று தட்டைத் தள்ளினார். மனைவிக்கு உள்ளூர நிம்மதி. மாமனார்தான் பாவம், தானும் சரியாகச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

காலையில் பார்த்தால், பெட்டிக்குள் போட்டிருந்த ரோஜா இலையின் ஓரம் குறைந்திருந்தது. குமாஸ்தா அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். செம்பருத்தி, மல்லிகை, கூடத்து மணிபிளான்ட் என்று எல்லா இலையையும் போட்டுப் பார்த்தார். விடிந்தால் எல்லாவற்றிலும் கடி. இப்படியொரு புழுவை உலகமே கண்டதில்லை என்று சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"இது முழுசா வளந்த புழு சார். கூட்டுப்புழுவாக எடம் தேடித்தான் சுவர்ல ஏறியிருக்கும். இனிமே எதையும் தின்னாது."

"தின்னுதே மேடம்."

"தின்னும்போது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. இலை தானே சுருங்கியிருக்கும் என்று செயலாளர் சந்தேகப்பட்டார். பக்கத்தில் இன்னொரு பெட்டியை வைத்து, அதில் வெறும் ரோஜா இலையை மட்டும் போட்டு மூடினார். வித்தியாசம் தெரிந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். மனைவியும் மாமனாரும் அப்போது கடைக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் காலை செயலாளரே இரண்டு மூடிகளையும் திறந்தார். முதல் பெட்டியில் புழு கூட்டுப்புழுவாகி, வாயில்லாமல் கிடந்தது. சுற்றிலும் இலைகள் அரைகுறை. புழுவே இல்லாத பெட்டியிலும் இலை பாதிதான் இருந்தது.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். குமாஸ்தாவுக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த மாமனார் அவர் காதருகே குனிந்தார்.

"அந்த ரெண்டாவது பெட்டிப் புழு எங்கேயோ ஓடிப்போச்சு மாப்பிள்ளை. நீங்க ஒடைஞ்சு போயிடுவீங்களேன்னு, அதோட இலையையும் நானே நகவெட்டியால வெட்டி வச்சுட்டேன்."