ஆறுமணிக் குருவிக்குப் போட்ட வேட்டு

எங்கள் போடியில் வேட்டுப் போடாமல் எதுவும் தொடங்காது, எதுவும் முடியாது. காதுகுத்து, கட்சிக்காரர் வருகை, சாவு எல்லாவற்றுக்கும் வேட்டுதான். இது நன்றாகத் தெரிந்திருந்தும் ஒரு தை மாதம் பறவைக் கணக்கெடுப்பை நடத்தப் போன புத்திசாலி நான். (நடத்தினேன் என்று சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது.)

அந்தக் கணக்கெடுப்பை எங்கள் ஊரில் தொடங்கியவர் என் அக்கா வீட்டுக்காரர். குளிர் வந்துவிட்டால் தெருவில் அகப்பட்டவர்களையெல்லாம் மலைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். கூலி கிடையாது, பாலில்லாத கட்டஞ்சாயா உண்டு. அந்த வருடம் மச்சானுக்கு நுரையீரலில் புற்று. அடுத்த குளிரைப் பார்க்க மாட்டார் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். மச்சானுக்கும் அது தெரியும்.

"மாப்ளே, இந்த வருசம் நீதான் நடத்தணும். என்னைய ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டு போ. ஆறுமணிக் குருவி கூவுறதை ஒருக்காக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

ஆறுமணிக் குருவி இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு இங்கே வரும். விடியலில் ஆறு மணிவாக்கில் கூவும். போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத்தோட்டத்து ஓடைக்கரைதான் அதன் முகாம். மச்சானுக்கு இருந்த கடைசி ஆசை அந்தக் கூவல் ஒன்றுதான். மைனாவுக்கும் காக்காய்க்கும் மட்டும் வித்தியாசம் தெரிந்த என்னிடம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரவல் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சந்தைக்குக்கூட அதோடுதான் போனேன். தோட்டத்துக் கங்காணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மச்சான் வர்றாரு. இனிமே வருவாரோ மாட்டாரோ. மரியாதையில ஒரு கொறை இருக்கக் கூடாது."

"கவலைய விடுங்க தம்பி. அசத்திப்புடுவோம்ல!"

விடியுமுன் ஜீப்பு வளைவு வளைவாக ஏறியது. மச்சான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா தோளில் சாய்ந்து வந்தார். ஓடைக்கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். "ஒருத்தரும் மூச்சுக்கூட விடக் கூடாது" என்று எல்லோரையும் அதட்டினேன். (மூச்சு விடவே சிரமப்படுகிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு!) புதருக்குள் ஏதோ அசைந்தது. மச்சான் மெதுவாக விரலைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கங்காணி தன் மரியாதையைக் காட்டினார்.

பத்தாயிரம் வாலா! மலையே இடிந்து தலையில் விழுந்த மாதிரி இருந்தது. அந்தச் சரிவிலிருந்த பறவைகள் அத்தனையும் ஒரே மூச்சில் கேரளாவுக்குப் போய்விட்டன. புகைக்குள்ளிருந்து கங்காணி மாலையோடு வந்தார். "எப்பிடிண்ணே நம்ம ஏற்பாடு?" என்று மச்சானைக் கேட்டார். நான் ஓடையில் விழுந்து செத்துப்போகலாமா என்று பார்த்தேன். தண்ணீர் கணுக்காலளவுதான் இருந்தது.

மச்சான் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்து, இருமி முடித்து, மறுபடியும் சிரித்தார். வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். தோட்டத்துச் சேவல் ஒன்றுதான் சத்தம் கொடுத்தது. திரும்பும்போது மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு மாப்ளே. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

ஜீப்பில் நான் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

சித்திரை பிறக்குமுன் மச்சான் போய்விட்டார். ஊர் வழக்கப்படி பாடைக்கு முன்னால் சரவெடியை விரித்தார்கள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். "ஏய், வேட்டுப் போடாதீங்கடா! அவரு குருவியக் கேக்கப் போறாருடா!" என்று கத்தினாள். தெருவே திகைத்தது. பிறகு யாரோ சிரித்துவிட, எல்லோரும் சிரித்து, சிரித்த வாயோடு அழுதார்கள். வேட்டில்லாமலே மச்சானைக் கொண்டுபோனோம்.

கணக்கெடுப்பு இப்போதும் நடக்கிறது. பக்கத்து ஊர் சிலமலையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள், ஜீப்புதான் போதவில்லை. கிளம்பும்போது அக்கா ஊரறிய என் பையைத் துழாவுவாள். "தீப்பெட்டி வச்சிருக்கியாடா?" ஓடைக்கரையில் அந்தக் குருவியின் குரலை மட்டும் நாங்கள் இன்னும் கேட்கவில்லை. "அன்னைக்கு ஓடுனது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, உன்னாலதான்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அக்கா காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஆறு மணி தாண்டிவிடும். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுவாள்.

"விடுடா. அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."