'பிழையில்லை' அண்ணையும் எங்கள் கிணறும்

உலகத்திலே பிழையே விடாத மனிதர் ஒருவர் இருந்தாரென்றால், அவர் எங்கள் ஊர் 'பிழையில்லை' அண்ணைதான். அவர் திருத்திக் கொடுத்த சாமான்கள் பிழைவிடும். அது வேறு விஷயம்.

எழுபதுகளில், வலிகாமத்தில் எங்கள் சந்தியில் சைக்கிளும் தண்ணீர் இறைக்கிற மெசினும் திருத்தினார். கழற்றிய உறுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பார். பிளக்கில் பொறி பறந்தால், "பிழையில்லை." குழாயில் வாயை வைத்து ஊதிவிட்டு, "பிழையில்லை." தனித்தனியே எல்லாம் தங்கம். ஒன்றாகச் சேர்த்துப் பூட்டினால்தான் கோபித்துக்கொண்ட மச்சான்மார் மாதிரி ஒன்றோடொன்று கதைக்காது.

ஒருமுறை வாத்தியார் ஒருவரின் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, சில்லைச் சுழற்றி, பிறேக்கை அமத்தினார். சில்லு நின்றது. வாத்தியார் ஏறிப்போனார், அவர் நிற்கவில்லை. கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் போய்ச் சேர்ந்தார்.

"என்ன காணும், பிறேக் பிடிக்கேல்லை!"

"சைக்கிள் பிழையில்லை மாஸ்ரர். நீங்கள் ஏறினாப் பிறகுதான் பிழைச்சது."

பிறகு எங்கள் முறை வந்தது. பங்குனி வெயில். மிளகாய்க் கன்றுகள் பூக்கிற நேரம் பார்த்து மெசின் நின்றுவிட்டது. வீட்டின் வருஷச் சீவியமே அந்தத் தோட்டத்தில்தான். அண்ணை மெசினைக் கடைக்குக் கொண்டுபோய்த் திருத்தி, தன்னுடைய குழாயைப் பூட்டி, அதன் நுனியைத் தண்ணீர் நிறைந்த தகரப் பீப்பாய்ப் பரலுக்குள் விட்டார். தண்ணீர் பீறிட்டது. எங்கள் கிணற்றடியில் எங்கள் குழாயைப் பூட்டினோம். உறுமல் மட்டும் வந்தது.

"கடையிலை அடிச்சதே!" என்று திருப்பிக் கொண்டுபோனார். அங்கே அடித்தது. இங்கே வந்தால் உறுமல்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உன்ரை பரலிலை முட்ட முட்டத் தண்ணி. எங்கடை தண்ணி பாதாளத்திலை கிடக்கு. இஞ்சை வைச்சுப் பாரன்!"

அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. ஸ்பானர் சாவிகளை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். பின்னேரமளவில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "உங்கடை குழாய் மூட்டிலை காத்து இழுக்குது! அதுதான் தண்ணி ஏறேல்லை!"

புது மூட்டுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். கடைகள் பூட்டுகிற நேரம்.

"நாளைக்குப் பாப்பம் அண்ணை," என்றேன்.

"அதுவரைக்கும் கன்று சாகிறதோ?" என்றார். கிணற்றடியில் நின்ற பழைய ஏற்றத் துலாவைப் பிடித்து இறைக்கத் தொடங்கிவிட்டார். கிறீஸ் பூசிப் பழகிய கைகள். கயிறு பட்டுக் கொப்பளித்தன. நான் மாற்றிப் பிடிக்க, அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கட்டினார். பாதித் தோட்டந்தான் நனைந்தது.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்திலிருந்து மூட்டோடு வந்து பூட்டினார். தண்ணீர் வந்தது. அவர் மெசினைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாய்க்கால் வழியே தண்ணீரோடு தண்ணீராக நடந்து, கடைசிப் பாத்தியில் குந்தினார். வாடித் தொங்கிய கன்றொன்றின் அடியில், கொப்பளித்த கையால் மண்ணை அணைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"குடி ராசாத்தி, குடி."

அதற்குப் பிறகு எத்தனையோ மெக்கானிக்குகளைக் கண்டுவிட்டேன். செடியோடு கதைத்தவர் அவர் ஒருவர்தான்.