எலுமிச்சம்பழத்துக்குத் தடை போட்ட மோப்பம் அண்ணாச்சி

குற்றாலத்தில் விழுவது தண்ணீர்தானா என்று சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் மோப்பம் அண்ணாச்சிதான். சீசனுக்குச் சீசன் ஐந்தருவிக்குப் போய் விரல் விட்டு எண்ணுவார். "அஞ்சு இருக்கு, சரி. போன வருசத்து அஞ்சுதானா இது? எப்படிலே நம்ப?" என்பார்.

ஆலங்குளம் ரோட்டில் கட்டடக் கல் வார்க்கிற யார்டுக்கு அவர் வாட்ச்மேன், நான் லோடுமேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதே வெள்ளையடிக்கத்தான். அதனால் மூளை வேலை அவருக்கு, முதுகு வேலை எனக்கு. எது வந்தாலும் மோந்து பார்த்துத்தான் கேட்டைத் திறப்பார். ஒருநாள் முதலாளியையே மோந்துவிட்டு, "செண்டு மாறிருக்கே, நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டார்.

அப்பேர்ப்பட்டவர் முன்னால் ஓர் இன்ஜினியர் அம்மா வந்து நின்றார். இரும்பாலைக் கசடையும் அனல் மின் நிலையத்துச் சாம்பலையும் குழைத்துக் கல் வார்த்தார். அதை இரும்பு அறைக்குள் அடுக்கி, கதவை இறுக்கி, ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்.

"கசடுல இருக்க சுண்ணாம்பு வாயுவைப் பிடிச்சுக் கல்லா மாத்திரும். அப்புறம் அது வானத்துக்குப் போகாது" என்றார்.

அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்தார். "ஏலே, கதவை ஏன் சாத்துதாவ?"

"வாயு ஓடிரக் கூடாதுல்லா அண்ணாச்சி."

"பாத்தியா? இஷ்டப்பட்டு உள்ள போவல. கட்டாயப்படுத்தி அடச்சது ஒருநாள் வெளிய வரும்லே."

அன்றிலிருந்து கல்லில் காதை வைத்துக் கேட்பதும் அவர் டூட்டியில் சேர்ந்துவிட்டது.

சோதனையில் முனை உடைந்த கற்களை எனக்குச் சும்மா கொடுத்தார்கள். அதை வைத்து ஓர் அறை கட்டினேன். அதுவரை நாங்கள் இருந்தது ஓட்டைத் தகரத்துக்குக் கீழே. மழைக்காலத்தில் டிக்கெட் போட்டிருந்தால் ஆறாவது அருவி எங்கள் வீடுதான். கைக்குழந்தையோடு ஒழுகாத இடம் தேடியே என் பெண்டாட்டி செல்விக்கு அலுத்துவிட்டது.

பால் காய்ச்சுகிற அன்று செல்வி எலுமிச்சம்பழத்தை நறுக்கி, குங்குமம் தடவி, திருஷ்டிக்காக வாசல்படிக் கல்லில் பிழிந்தாள். கல் 'புஸ்' என்று நுரைத்தது.

"வந்துட்டுலே! வாயு வந்துட்டு! பிள்ளையத் தூக்கு!" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் விருந்தாளிகள் கேசரியோடு ரோட்டுக்கு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடியவன் வீட்டுக்காரன், அதாவது நான்.

விருந்துக்கு வந்திருந்த இன்ஜினியர் அம்மா சிரித்தார். "புளிப்பு பட்டா அப்படித்தான் லேசா நுரைக்கும். வாயு கல்லுக்குள்ள கல்லா இருக்குன்னு அதுதான் சாட்சி."

"சாட்சியும் உங்க ஆளுல்லா!" என்றார் அண்ணாச்சி.

செல்வி பிள்ளையோடு தெருவிலேயே நின்றுவிட்டாள். "அண்ணாச்சி சரின்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் இந்தப் படி ஏற மாட்டேன்." நான் சொன்ன சரிக்கு என் வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

அண்ணாச்சி இடுப்பிலிருந்து யார்டு கேட் சாவியை அவிழ்த்து என்னிடம் தந்தார். அவர் அதை இன்னொருவர் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. உள்ளே போய், ஜன்னலைச் சாத்தி, வெறும் தரையில் படுத்து, மூக்குக்குப் பக்கத்தில் ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டார்.

"கட்டில்ல படுக்கலாம்லா அண்ணாச்சி?"

"வாயு தரையோட தரையாத்தான் தங்கும்னு அந்தம்மாவே சொல்லிச்சு. பிள்ள எங்கலே படுக்கும்? தரையிலதான? வாயு வந்தா விளக்கு அணஞ்சிரும். அணஞ்சா என்னைய வெளிய இழு. நீ உள்ளயே நின்னு யோசிக்காத, உனக்கு அது வராது."

மூன்று நாள் அப்படியே கிடந்தார். விளக்கும் அணையவில்லை, அவரும் அசையவில்லை. நாலாம் நாள் காலையில் முதுகைப் பிடித்தபடி வெளியே வந்து, கடைசியாக ஒருமுறை சுவரை மோந்தார். "ம். பிள்ளையக் கொண்டா. ஆனா ஒண்ணு, இந்தப் படிக்குள்ள எலுமிச்சம்பழம் வரப்படாது."

அது வெறும் நுரைதான் என்று இன்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் செல்வி எலுமிச்சம்பழத்தைத் தெருவில் நின்றுதான் நறுக்குகிறாள். நான்தான் தட்டு பிடிக்கிறேன்.