மாப்பிள்ளை தின்ற இலை

நான் விழித்திருக்கும்போதுதான் அதிகமாகக் கனவு காண்பேன். படுத்தால் ஒழுங்காகத் தூங்கிவிடுவேன், யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஆபத்தெல்லாம் பகலில்தான்.

வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்த்த நாட்களில் இந்த வியாதி முற்றிவிட்டது. செல்போனில் யாரோ ஒருத்தியின் வீட்டுப் படம் வந்தது. அறை முழுக்கச் செடிகள், நடுவில் அவள், கையில் காபி. அன்றிலிருந்து எனக்கும் ஒரு காடு தேவைப்பட்டது. காஞ்சிபுரத்து வெயிலில் அலைந்து, தொட்டி தொட்டியாகக் கொண்டுவந்து முன்னறையை நிரப்பினேன். பிற்பகலில் ஜன்னல் வெளிச்சம் இலைகளுக்கு நடுவே பச்சையாக இறங்கும். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தச் சுகத்தில் ஆபீஸ் மீட்டிங்குகளில் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

காட்டுக்கு ராணி, டிஃபன்பேக்கியா. அகலமான இலையில் பால் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். (பெயரிலேயே பாதி டிபன் இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?) விற்றவர் தண்ணீர் அளவோடு ஊற்றச் சொன்னார். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து செந்தில் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அப்படியே கல்யாணப் பட்டுச் சேலையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று அவர்களுக்கு ஒரு எண்ணம். செந்தில் கல்லூரி ஆசிரியர், பேசிச் சம்பளம் வாங்குகிறவர். சில வாரங்களாகப் போனில் பேசியதிலேயே அந்தக் குரல்மீது எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. நேரில் பார்த்த பிறகு அவருக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்று ஒரே கவலை.

அம்மா தன் பங்குக்கு, பெண் தன் கையாலேயே குடலை இட்லி செய்து தருவாள் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். எனக்குச் சாதா இட்லியே சரியாக வராது. கோயில் பக்கத்தில் வாங்கி வந்தோம். ஆனால் அவர்கள் இலையை உரித்துவிட்டுத் துண்டு போட்டிருந்தார்கள். இலை இல்லாவிட்டால் வீட்டில் செய்தது என்று யார் நம்புவார்கள்? மந்தாரை கிடைக்கவில்லை. என் ராணியின் இலை ஒன்றைக் கத்தரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் அழகாக வைத்தேன்.

முன்னறையில், அந்தப் பச்சை வெளிச்சத்தில், அவர் எதிரே நின்று தட்டை நீட்டினேன். அவர் ஏதோ கேட்டார். அதற்குள் நான் எங்களுக்குக் கல்யாணம் முடித்து, மாமல்லபுரம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அந்தக் குரல் என்ன கேட்டாலும் சரி என்று தோன்றியது. மெல்லத் தலையசைத்தேன்.

அவர் கேட்டது, "இந்த எலையையும் சாப்பிடலாங்களா?"

ஒரு கடி கடித்து, இரண்டு தரம் மென்றார். முகம் சிவந்தது. நாக்கை வெளியே நீட்டினார், அது உள்ளே போக மறுத்தது. எச்சில் சட்டையில் வழிந்தது. பேச வாய் திறந்தால் காற்றுதான் வந்தது. அவருடைய அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு, இட்லியில் என்ன போட்டாய் என்று கேட்டார். இட்லி நான் செய்ததே இல்லை என்று உளறினேன். ஒரே நிமிடத்தில் கொலைகாரியும் ஆனேன், பொய்க்காரியும் ஆனேன்.

ஆஸ்பத்திரியில் வாயைக் கழுவிவிட்டு, ஊசி போட்டு, வாய்க்குள் ஐஸ் வைத்தார்கள். மூச்சுக்கு ஆபத்தில்லை, வீக்கம் இறங்கிவிடும், குரல் திரும்பிவிடும் என்றார் டாக்டர். பார்க்க அழகாக இருந்தாலும் கடித்தால் நாக்கை வீங்கவைக்கும் அந்தச் செடியைக் குழந்தைக்கும் பூனை நாய்க்கும் எட்டும்படி வைக்கக்கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அதாம்பா போன வாரம் எங்க பூனை ஜொள்ளு வுட்டுக்கினே இருந்துச்சு," என்றார் அம்மா. "பல்லு வலின்னு இவ அதுக்குக் கிராம்புத் தைலம் தடவிக்கினு இருந்தா."

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணம் போனதற்குக்கூட இல்லை. அந்தக் குரலையே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது. அவருடைய அம்மா எல்லார் முன்னாலும் மகனிடம் கேட்டார், "ஏங்கண்ணு, இந்தப் புள்ளதான் வேணுமா?"

செந்தில் வாயில் ஐஸோடு எழுந்து வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, வீங்கிய உதட்டோடு சிரித்தார். அவ்வளவு கோணலான சிரிப்பை நான் எந்தக் கனவிலும் பார்த்ததில்லை. என் அழுகை நின்றுவிட்டது.

கல்யாணப் பந்தியில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஒருவர்கூடச் சோற்றில் கை வைக்கவில்லை. மாமனார் வாழை இலையின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மணக்கோலத்தில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"இது திங்கற எலைங்களா அம்மணி, கீழ வெக்கற எலைங்களா?"

மண்டபமே சிரித்தது. இன்றும் அவர்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், மருமகள் வந்து முதல் வாய் சாப்பிட்டு, நாலு வார்த்தை தெளிவாகப் பேசிக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.