சவுனாவில் காயப்போட்ட கதவு

லோய்மா,
ஜனவரி, புதன்கிழமை

மதிப்பிற்குரிய மைத்துனர் எஸ்கோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை மார்கெட்டாவும் நானும் சுகம். அவள் வீட்டுக்குள்ளும், நான் பெரும்பாலும் வைக்கோல் கொட்டகையிலும். கோத்தன்பர்க்கில் நீங்களும் குடும்பத்தாரும் இதைவிடக் கதகதப்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையில் நான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் அப்பாவின் வெளிர்நீலக் காரை நீங்கள் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அது தன் சக்கரத்தில் ஓடி, அப்பாவின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகவேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லரோடு வந்து தூக்கிப்போய் விற்றுவிடுவேன் என்று போன கோடையில் நீங்கள் சொன்னது நியாயமான நிபந்தனைதான். கார் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை உங்கள் ஹில்க்கா சித்தி வேறு விதமாகச் சொல்லியிருக்கக்கூடும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டகையில் அடுப்பு கிடையாது. வைக்கோல் கிடக்கும் இடத்தில் அடுப்பு வைக்க இன்சூரன்ஸ்காரர்கள் விடமாட்டார்கள், அவர்கள் விட்டாலும் மார்கெட்டா விடமாட்டாள். நவம்பரிலேயே ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பாட்டரிக்குக் குளிர் ஆகாது என்று படுக்கையறைக்குக் கொண்டுபோனேன், மார்கெட்டா ஒன்றும் சொல்லவில்லை. கார்புரேட்டரைக் கழுவிச் சமையலறை ஓவனில் காயவைத்தேன், அன்றைக்குச் சுட்ட ரொட்டியில் பெட்ரோல் வாசம், அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பண்ணை பென்ட்டிதான் எட்டிப்பார்த்துவிட்டு, "ரிப்பேர் பண்றியா, ஐஸ்ல வெச்சுக் கெட்டுப்போகாம பாத்துக்கிறியா? எங்க வீட்டு மீனை இங்க கொண்டாந்து வெக்கட்டுமா?" என்றான். "வை. அது கையில ஒரு ஸ்பானரைக் குடுத்தா உன்னைவிட உபயோகமா இருக்கும்" என்றேன்.

எல்லாத்தையும் சமாளிச்சேன் மச்சான், பெயிண்டைத்தான் சமாளிக்க முடியல. அந்தக் குளிர்ல பெயிண்ட் காயறதில்லை, யோசிக்குது. டிரைவர் பக்கத்துக் கதவுக்கு அடிச்சது ஒரு வாரம் கழிச்சும் விரலோட வருது. கதவில்லாம கல்லறைக்குப் போனா அப்பா எழுந்து வந்தே திட்டுவார். கொட்டகையை ஒட்டியே நம்ம ஆவிக்குளியல் அறை, சவுனா நிக்குது. நீங்க பிறந்தது அதுக்குள்ள, அப்பாவைக் கடைசியாக் குளிப்பாட்டினது அதுக்குள்ள, வருஷா வருஷம் பன்றித்தொடை புகைபோடறதும் அதுக்குள்ள. ஒரு கதவு மட்டும் காயக்கூடாதா? பழசைச் சுரண்டிட்டு, புதுசா அடிச்சு, குளிக்கிறவங்க உட்காருற மேல் பலகையில படுக்கப்போட்டு, அடுப்புல கொஞ்சமா விறகு வெச்சேன். மறுநாள்தான் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பண்டிகைக் குளியலுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு எண்ணம்.

மறுநாள் ஹில்க்கா சித்தி சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க, ஜலதோஷத்தோட. ஜலதோஷத்துக்கு சவுனாவை விட்டா வேற மருந்து ஏது? அடுப்புக்கு விறகு போடற வாய் வெளி அறையில இருக்கிறதால, மார்கெட்டா உள்ளே எட்டிப்பார்க்காமலே சூடேத்திட்டா. நான் காருக்கு அடியில படுத்திருந்தேன். பண்டிகைக் குளியல்னா விளக்கு போடமாட்டோம், ஒரு மெழுகுவத்தியோட சரி. கோயில்ல இருக்கிற மாதிரி சத்தமில்லாம இருக்கணும். சித்தி துண்டை விரிச்சுக் கதவு மேலேயே உட்கார்ந்து, அடுப்பு மேல சூடான கல்லுல தண்ணி ஊத்தி, ஆவி கிளப்பி, நிம்மதியா இருந்திருக்காங்க. மூக்கடைப்பு, பெயிண்ட் வாசனை தெரியல. எழுந்திரிச்சப்ப துண்டும் கதவும் கூடவே எழுந்திரிச்சிருக்கு. அப்பவும் கத்தல மச்சான். "மார்கெட்டா, உங்க பலகைக்குக் கைப்பிடி வெச்சிருக்கீங்களே, எதுக்கு?"ன்னு மட்டும் கேட்டாங்களாம்.

துண்டுக்கு வெளியே இருந்த சித்தியெல்லாம் வெளிர்நீலம். கதவோ ஆவியில கொப்புளம் கொப்புளமா எழும்பி, தேரை முதுகு மாதிரி ஆகிடுச்சு.

கல்லறைக்கு பென்ட்டியோட டிராக்டர் வண்டியில போனோம். சித்தி நின்னுக்கிட்டே வந்தாங்க. "கார் வரலியா?" என்றான் பென்ட்டி. "அது குளிச்சிட்டிருக்கு" என்றாங்க சித்தி. மார்கெட்டா அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டுப் பேசாம நின்னா. எப்பவும் பேசாம இருக்கிற மாதிரி இல்லை. அதைப் பத்தி இன்னைக்குக் காலையில காபி ஊத்தும்போதுதான் வாய் திறந்தா: "அண்ணனுக்கு எழுது, வேய்க்கோ."

எழுதிவிட்டேன். டிரெய்லரோடு வாருங்கள். கதவு தனியாக, கார் தனியாக, சித்தியின் துண்டு கதவோடு. காரை இழப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நீங்கள் உறவுக்காரர், நம்பமாட்டீர்கள்.

உங்கள் வீட்டுச் சவுனாவில் என்றும் மனிதர்கள் மட்டுமே குளிக்க வாழ்த்தும்,
உங்கள் மைத்துனன்,
வேய்க்கோ லஹ்தென்பெரா

பி.கு.: கவரை ஒட்ட எழுந்தவன் ஜன்னல் வழியே பார்த்தால், சவுனாப் புகைபோக்கியில் புகை. குளிக்கிற சனிக்கிழமையானால் சரி, இன்று புதன். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல் பலகையில் கதவு. துண்டைப் பிய்த்து, கொப்புளங்களைச் சுரண்டி, தேய்த்து, புது நீலம் அடித்திருந்தது. பக்கத்தில் கையில் பிரஷோடு மார்கெட்டா.

"நீதானே அண்ணனுக்கு எழுதச் சொன்னே?"

"எழுதச் சொன்னேன். எழுதினா உனக்கு மனசு ஆறும். அனுப்பச் சொன்னேனா?"

"டிரெய்லரோட வந்து நிப்பாரே."

"நிக்கட்டும். அப்பா கார் தேரை மாதிரி இந்த ஊரை விட்டுப் போகாது. அதுல பாதி என்னுது. எந்தப் பாதின்னு அண்ணன் வந்து காட்டட்டும். கதவைச் சாத்து வேய்க்கோ, சூடு போகுது."

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். டிரெய்லர் வேண்டாம், வரும்போது முடி உதிராத பெயிண்ட் பிரஷ் ஒன்று வாங்கி வாருங்கள். குளிக்க மட்டும் பென்ட்டி வீட்டுக்குப் போகவேண்டியிருக்கும். இங்கே அடுத்தது மறுபக்கக் கதவின் முறை.