ஈயம் குடிக்கும் சூரியகாந்தி

மண்ணுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால், அவர் உங்களை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்திருந்தால் இந்நேரம் உங்கள் கொல்லையும் தோண்டப்பட்டிருக்கும்.

எங்கள் தெருவில் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆசையாக வீடு வாங்கினார். அந்தக் கொல்லையில் முன்பு யாரோ பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்த விஷயம் பிறகுதான் தெரிந்தது. மண்ணைச் சோதித்த பெண், குழந்தைகளை இங்கே இறக்கிவிடவே கூடாது என்று சொல்லிவிட்டாள். வாத்தியாரின் பேத்தியோ தவழுகிற பருவம். கையில் அகப்பட்டதெல்லாம் நேரே வாய்க்குத்தான். லீவுக்கு வருவதாக இருந்த மகள், மண் சுத்தமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று போனில் சொல்லிவிட்டாள். வாத்தியாரின் மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு யாராவது என்றால் மேல்மண்ணை வாரி அப்புறப்படுத்த ஆள் தேடியிருப்பார்கள். நம்மவரா? சில செடிகள் மண்ணிலிருக்கும் உலோகத்தை உறிஞ்சி எடுக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டார். தொலைந்தது! கொல்லை முழுக்கச் சூரியகாந்தியும் கடுகும். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "வேர் சாப்பிட்டுக்கிட்டிருக்கு" என்பார். துக்க வீட்டுக்குப் போய், மாலையை வைத்துவிட்டு, வாசலில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளி, மோந்து, உதட்டைப் பிதுக்கி, அழுதுகொண்டிருப்பவரிடம் பக்கத்தில் பட்டறை ஏதாவது இருந்ததா என்று விசாரிப்பார். அவர் அழுகையை நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும்.

சோதனைக்கார அம்மணி எல்லாம் எடுத்துச் சொன்னாள்: இது மெதுவாக நடக்கிற வேலை, வளர்ந்த செடியைப் பிடுங்கி மூட்டை கட்டி எங்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று. இவர் கேட்டாரா? இந்த இனம் தலையாட்டும்; கேட்காது. அவள் பேசி முடிப்பதற்குள், செடி எப்படி உறிஞ்சுகிறது என்று அவளுக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. அங்கேதான் அந்த இனத்தின் இரண்டாவது வியாதி தலைகாட்டியது: எதையும் வெளியே போட மனசு வராது. இவ்வளவு தழையையும் வீணாக்குவதா? பொடிப்பொடியாக நறுக்கி உரக்குழியில் போட்டார். மக்கியதும் அள்ளிக் கொண்டுபோய், பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல, அதே கொல்லையில் தூவினார். மறு சோதனையில் அளவு இம்மியும் இறங்கவில்லை. ஈயம் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியிருந்தது.

"ரொம்பப் பிடிவாதமான ஈயம்" என்றார் வாத்தியார்.

அடுத்த முறை செடிகள் வளர்ந்ததும் மனைவி கையுறை மாட்டிக்கொண்டு தானே பிடுங்கினார், மூட்டை கட்டினார், சோதனைக்காரர்களின் வண்டிக்காக வாசலில் வைத்தார். நம்மவர் மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி தண்ணீர் குடிக்க உள்ளே போன சமயம் பார்த்து, ஒன்றை மட்டும் மெல்ல உரக்குழிப் பக்கம் இழுத்தார். திரும்பி வந்த அம்மா அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு இந்த மூட்டை உள்ள வரும், இல்ல என் பேத்தி உள்ள வருவா. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

வாத்தியார் யோசித்தார். ஆமாம் ஐயா, யோசித்தார்! வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை யோசித்துவிட்டு, "பேத்திதான்" என்றார் பாதி மனசோடு. அம்மா வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் மகளுக்குப் போன் போட்டார். அதற்கப்புறம் நடந்த சோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறதாம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தீர்களே, அதிலிருந்து எடுத்த அறுந்த சார்ஜரும் மூடியில்லாத டப்பாக்களும் இப்போது எங்கே இருக்கின்றன? கட்டிலுக்கு அடியில்தானே? குனிந்து எடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள், வீட்டில் யாராவது வந்து அதன்மேல் உட்காருவதற்குள்.